ரெண்டு நாள் ரயில்

"எந்த ஊரு?" என்றார் மேஸ்திரி.

"ரொம்ப தூரம். ரெண்டு நாள் ரயில்," என்றான் வேலை கேட்டு வந்தவன், தட்டுத்தடுமாறிய தமிழில்.

"நல்லதாப் போச்சு. உள்ளூர்க்காரங்களை எடுக்கக் கூடாதுன்னு கான்ட்ராக்டர் உத்தரவு. அவங்க சாவு, கல்யாணம்னு நாலு நாள் காணாமப் போயிடுவாங்களாம். வெளியூர்க்காரன்னா தகர ஷெட்ல படுத்துக்கிட்டு ஞாயித்துக்கிழமையும் வேலை பார்ப்பான். நீ பார்ப்பியா?"

"பார்ப்பேன்."

மேஸ்திரி நோட்டில் பெயரை எழுதிக்கொண்டார். "அந்த மூலையில தூணுக்குக் குழி தோண்டு. பத்தடி ஆழம்."

கடப்பாரையோடு போனவன் பாதியில் நின்றான்.

"அங்க வேணாம்ணே. கீழ பழைய கிணறு இருக்கு. மண்ணைக் கொட்டி மூடிட்டாங்க. தோண்டினா ஆளையே உள்ள இழுத்துடும்."

பேச்சில் தடுமாற்றமே இல்லை. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

மேஸ்திரி அவனையே பார்த்தார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தார்.

"கிணறு அங்க இல்லப்பா. நாலடி தள்ளி, இந்தப் பக்கம்," என்றார் மெதுவாக. "நானும் ரெண்டு நாள் ரயில்னு சொல்லித்தான் இங்க வேலைக்குச் சேர்ந்தேன்."