குடிக்கலாமா, கூடாதா

மைக்கைப் பிடித்து ஒரு மணி நேரமாகியும் அந்த விஞ்ஞானி வெற்றிச்செல்வன் சார் குடிக்கலாம் என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை.

அம்சாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விக்கிரவாண்டி கல்யாண மண்டபத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பின்னால் முழுக்க அவள் தலைவியாக இருக்கும் மகளிர் குழுப் பெண்கள். எல்லார் வீட்டிலும் அந்த நானோ வெள்ளி பூசிய தண்ணீர் ஃபில்டர் இருந்தது. வாங்கச் சொன்னவளே அம்சாதான்.

அவள் வீட்டு ஃபில்டர் தண்ணீரைத்தான் இப்போது மகள் அன்புச்செல்வி குடிக்கிறாள். தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். ஏழு மாதம்.

வெள்ளித் துகள் தண்ணீரில் கொஞ்சம் கலந்துவிடக்கூடும் என்று டி.வி.யில் யாரோ சொன்னதிலிருந்து அம்சாவுக்குச் சோறு இறங்கவில்லை. அதைக் கேட்கத்தான் வேலையை விட்டுவிட்டு வந்தாள். மக்களோடு கலந்துரையாடல் என்றுதானே பேனர் கட்டியிருந்தார்கள்?

சாரோ, ஒரு தலைமுடியை எத்தனையாகப் பிளந்தால் ஒரு நானோ என்று படம் காட்டிக்கொண்டிருந்தார். ஆபத்துக்கு ஆதாரம் இல்லை என்றார். உடனே, ஆபத்தே இல்லை என்பதற்கும் ஆதாரம் இல்லை என்றார். வழவழா கொழகொழா.

அம்சா கையைத் தூக்கினாள்.

கேள்வியெல்லாம் கடைசியில் என்று அவர் கையமர்த்தினார். அவள் விடுவதாக இல்லை. தூக்கிய கையை இறக்காமல் பக்கத்திலிருந்த கிளியம்மாளிடம் பொரிந்து தள்ளினாள்.

"இந்த ஆளோட பெரிய பேஜாரா போச்சி. எம் பொண்ணு டெய்லி குடிச்சிக்கினு இருக்கா, இவுரு மயிரப் பொளந்துக்கினு இருக்காரு."

இந்த ஃபில்டரை நம்புகிறவர்கள் கை தூக்குங்கள் என்று சார் சொன்னது, பொரிந்து தள்ளிய வேகத்தில் அவள் காதில் விழவே இல்லை.

குழுவில் ஒரு பழக்கம் உண்டு. பேங்க்காரர் கேட்டாலும் பஞ்சாயத்தில் கேட்டாலும், தலைவி கை தூக்கினால் எல்லாரும் தூக்கிவிடுவார்கள். எதற்கு என்பதை வீட்டுக்குப் போகும் வழியில் கேட்டுக்கொள்வார்கள்.

அம்சா திரும்பியபோது மண்டபம் முழுக்கக் கைகள். ஃபில்டரில் தண்ணீரே ஊற்றாமல் அரிசி கொட்டி வைத்திருக்கும் கிளியம்மாள்கூடத் தூக்கியிருந்தாள்.

சார் முகமெல்லாம் சிரிப்பாக ஃபோட்டோ எடுக்கச் சொன்னார். பிறகு அம்சாவைப் பார்த்துத் தலையசைத்தார்.

அவள் எழுந்தாள்.

"சுத்தி வளைக்காம சொல்லுங்க சார். மாசமா இருக்கற எம் பொண்ணு இந்தத் தண்ணிய குடிக்கலாமா, கூடாதா?"

அவர் முதல்முறையாகத் தயங்காமல் பதில் சொன்னார்.

"பின்னாடி பாருங்கம்மா, இத்தன பேரு நம்புறாங்க. தாராளமா குடிக்கட்டும்."