பிலோமினம்மா மேல் ஒரு பெட்டிசம்

“இது யாரு கொளுத்தின நெருப்பு?”

சுகாதாரப் பரிசோதகர் கிருஷ்ணராஜ் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார். ரப்பர் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் அப்படியொரு புகை! மழை மேகம் என்று நினைத்து வரக்காப்பொலயில் பாதிப் பேர் குடை விரித்திருப்பார்கள். காக்கைகள் இருமிக்கொண்டே பறந்தன.

“நான்தாங்க ஐயா,” என்றாள் பிலோமினம்மா. ரப்பர் பால் வெட்டி ஓய்ந்த கை. உடம்பில் என்னவோ பூசைக்குப் போகும் சேலை. “உக்காருங்க, ப்ளேன்டி குடிங்க.”

நாற்காலி ஏற்கனவே துடைத்துப் போட்டிருந்தது.

“டீ குடிக்க வரல. உங்க மேல புகார் எழுதிப் பெட்டிசம் வந்திருக்கு.”

“ஐயோ மாதாவே! என் மேலயா? எந்தப் பாவி போட்டது?”

“நாந்தான் போட்டன்!” பாலத்தடிக் கடைக்காரர் ஜமால்தீன் மூச்சிரைக்க மேட்டில் ஏறி வந்தார். “ஏண்ட கடையில சீனியும் புகை மணக்குது, மாவும் புகை மணக்குது. மனிசன் ஈக்க ஏலா ஐயா!”

“அப்ப கருவாட்டு விலைக்கு வித்துடுங்க முதலாளி!” என்றாள் பிலோமினம்மா.

“வாயப் பாருங்க ஐயா! கோட்டுக்கு இழுங்க!”

பக்கத்து வீட்டு ஜெனிற்றாவுக்குப் பொறுக்கவில்லை. “இத்தன வருஷம் உங்க கடையில சாமான் வாங்குனவங்க மேல பெட்டிசமா? நல்லா இருப்பீங்களா நீங்க?”

“சண்டை வேணாம்!” என்று கையை உயர்த்தினார் பரிசோதகர். “அம்மா, காய்ஞ்ச சருகுன்னா அனுமதி எடுத்து, வீட்ட விட்டுத் தள்ளிக் குழி வெட்டி, பக்கத்துல தண்ணி வச்சிக்கிட்டுக் கொளுத்தணும். பொலித்தீன நெருப்புல போடவே கூடாது. ரப்பர் இலை கொட்டுற காலம் வேற, ஒரு பொறி பட்டாத் தோட்டமே போயிரும். குப்பைய பிரதேச சபை டிராக்டர்ல குடுங்க.”

“எந்த டிராக்டருங்க ஐயா?”

லயமே சிரித்தது.

“பாலத்தடியோட திரும்பிப் போயிருமே, அதுவா?” என்றாள் ஜெனிற்றா. “சபையில கேட்டா, அது தோட்டத்து ரோடுங்கறாங்க. தோட்ட ஆபீஸ்ல கேட்டா, குப்பை சபை வேலைங்கறாங்க. நடுவுல நாங்க ஆளாளுக்குக் கொளுத்துறோம். என் புள்ளைக்கு இழுப்பு நின்ன பாடில்ல. இன்னைக்குக்கூட பிலோமினம்மாதான் காலையிலயே புள்ளைய மேல் லயத்துல விட்டுட்டு வரச் சொன்னாங்க.”

பரிசோதகர் நெருப்பைப் பார்த்தார். பிலோமினம்மாவைப் பார்த்தார். அவள் விலங்கு மாட்டிக்கொள்வது போல இரண்டு கைகளையும் நீட்டினாள்.

“கேஸ் போடுங்க ஐயா. குப்பைய வேற எங்க குடுக்கிறதுன்னு நீதவான் கேட்டா, ஐயாவக் கேக்கச் சொல்றேன்.”

பரிசோதகருக்கு வியர்த்துக் கொட்டியது. நெருப்பின் சூடாகவும் இருக்கலாம். சற்றுத் தள்ளிப் போய்ச் சபைக்குப் போன் போட்டார். சிங்களத்தில் கெஞ்சினார், அதட்டினார், மறுபடி கெஞ்சினார். “பெட்டிசமும் இருக்கு, ஆளும் இருக்கு. குப்பை எடுக்க வழி பண்ணாம நான் எப்படிக் கேஸ் போடுறது?” என்று அவர் கத்தியது மேல் லயம் வரைக்கும் கேட்டிருக்கும்.

திரும்பி வந்தபோது முகம் தெளிந்திருந்தது. “வியாழக்கிழமையில இருந்து டிராக்டர் லயத்து வாசலுக்கே வரும். வராட்டி எனக்குச் சொல்லுங்க. ஆனா இனி நெருப்பு வச்சீங்க, கேஸ்தான்!”

“மாதா மேல சத்தியமா வைக்க மாட்டேன் ஐயா.” பிலோமினம்மா அடுப்படி மறைவிலிருந்து நிரப்பி வைத்த இரண்டு வாளித் தண்ணீரை எடுத்து வந்து நெருப்பில் கொட்டினாள்.

மோட்டார் சைக்கிள் இறங்கிப் போனது. ஜெனிற்றா, ஜமால்தீனை ஒரு முறை முறைத்துவிட்டு, பிள்ளையைக் கூட்டி வர மேலே ஓடினாள்.

ஜமால்தீன் சுற்றுமுற்றும் பார்த்தார். நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, பரிசோதகர் தொடாத ப்ளேன்டியை ஒரே மடக்கில் குடித்தார்.

“பச்ச இலையக் கொஞ்சம் கொறச்சுப் போட்டீக்கலாம், பிலோமினம்மா. மெய்யாவே இருமல் வந்திட்டு.”

“பயங்கரப் புகைன்னு உங்கள எழுதச் சொன்னதே நான்தானே முதலாளி, வர்ற ஐயா ஏமாறக் கூடாதில்ல?” என்று சிரித்தாள் அவள். “அடுத்த பெட்டிசத்தையும் என் மேலயே போடுங்க: லைட்டு இல்லாத ரோட்டுல தீப்பந்தம் புடிச்சிக்கிட்டு நடக்கிறேன்னு!”