நூற்று நாற்பத்தேழாம் பதிவு

"நிச்சயம் முடிஞ்சு பத்து நாளான பொண்ணு வீட்டு வாசல்ல, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பூவும் பழமுமா வேன்ல போயி எறங்கியிருக்காங்க, இளவரசு! திட்டக்குடியிலேருந்து சேத்தியாத்தோப்புக்கு. பதினாலு பேரு!"

ஞானாம்பாள் மேசையைத் தட்டிய தட்டில் டீ கிளாஸ் ஆடியது. சிதம்பரம் மேலவீதி மாடியில் இருபது வருஷமாகத் திருமணத் தகவல் மையம் நடத்துகிறவர். ஒரு கெட்ட பேர் கிடையாது. ஆறு மாதத்துக்கு முன்னால்தான் போன் எடுத்துப் பேச ஓர் ஏஐயை வைத்தார். அதை அமைத்துக் கொடுத்து இன்றுவரை கவனித்துக்கொள்கிறவன், கடலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற இளவரசு.

"வரன் காலியா இருக்குன்னு உன் ஏஐ சொல்லித்தான் போனாங்களாம். சாயந்திரத்துக்குள்ள சரி பண்ணு. இல்லன்னா நீயும் வேணாம், அதுவும் வேணாம். பழையபடி நானே போன் எடுத்துக்கறேன்."

"தப்பு அதுமேல இல்லக்கா. எம்மேலதான்."

"ரொம்ப சந்தோஷம். இத கேக்கத்தான் உனக்கு டீ வாங்கிக் குடுத்தேனா?"

இளவரசு தலையைச் சொறிந்தான். "வரன் விவரம் பாக்க அதுகிட்ட ரெண்டு டூல் இருக்குக்கா. ஒண்ணு, மாசம் ஒண்ணாந் தேதி எடுத்து வெக்கிற நகல். டக்குனு பதில் வந்துடும். இன்னொண்ணு, வரன் முடிய முடிய நீங்க தினமும் டிக் போடற பதிவேடு. தொறக்க நேரமாகும். நான் சோம்பேறித்தனமா ரெண்டுக்கும் 'வரன் விவரம் தரும்'னு ஒரே வரி எழுதி வுட்டுட்டேன். அது சீக்கிரமா வர்றதையே எடுத்துக்குது."

"அது பழசுன்னு அதுக்குத் தெரியாதா?"

"எழுதிக் குடுத்தாதானே தெரியும்."

"அட பாவி! புதுசா வேலைக்கு வர்ற ஆளுக்குக்கூட எந்த பீரோவுல என்ன இருக்குன்னு காட்டுவோமே! எழுது, இப்பவே எழுது."

இளவரசு உட்கார்ந்தான். அவனே பதிவேட்டைத் திறந்து பார்த்துவிட முடியாது. கல்யாணமாகாத பையன்கள் கண்ணில் பெண்கள் விவரம் படக்கூடாது என்பது மையத்தின் சட்டம். பாஸ்வேர்டைப் போட்டு ஏஐக்கு மட்டும் திறந்துவிட்டிருப்பவர் ஞானாம்பாள்.

நாலு முறை அடித்து, நாலு முறை அழித்து, கடைசியில் வாசித்துக் காட்டினான்.

"இது மாதம் ஒன்றாம் தேதி எடுத்த நகல். ஊர், படிப்பு, நட்சத்திரம் போன்ற மாறாத விவரங்களுக்கு மட்டும் இதைப் பயன்படுத்து. வரன் முடிந்ததா இல்லையா என்று கேட்டால் இதை நம்பாதே, பதிவேட்டைப் பார். பதிவேடு திறக்காவிட்டால், நகலின் தேதியைச் சொல்லி, உறுதியாகத் தெரியவில்லை என்று சொல்."

"இவ்ளோதானா? இத மொதல்லயே எழுதறதுக்கு என்னா கேடு?"

போனை ஸ்பீக்கரில் போட்டு, சேத்தியாத்தோப்புப் பெண்ணின் பதிவு எண்ணைக் கேட்டார்கள்.

"பதிவேட்டைப் பார்க்கிறேன், சற்றுப் பொறுங்கள்" என்றது ஏஐ. பிறகு, "இந்தப் பெண்ணுக்கு நிச்சயம் முடிந்துவிட்டது. வேறு வரன் பார்க்கலாமா?" என்றது.

ஞானாம்பாள் நாற்காலியில் சாய்ந்தார். "அப்பாடா! வயித்துல பால வாத்த. திட்டக்குடிக்காரங்களுக்கு நானே போன் போட்டு மன்னிப்பு கேட்டுக்கறேன். நீ சாப்புடப் போ."

அவன் எழுந்திருக்கவில்லை. "இன்னும் ஒண்ணு கேட்டுப் பாத்துடலாம்க்கா. நூத்தி நாப்பத்தேழு."

"காலையிலேருந்து அதையேதானே கேட்டுக்கிட்டிருக்க? எண்ணூறு பதிவு இருக்குதே!"

"ஒரே நம்பரை வெச்சுப் பாத்தாத்தான் என்னா மாறிச்சுன்னு தெரியும்க்கா."

காலையில் மூன்று முறை கேட்டபோதும், "நூற்று நாற்பத்தேழு, பேசி முடிந்தது" என்றுதான் வந்தது. இப்போது கேட்டுவிட்டு, கையைப் பிசைந்துகொண்டு காத்திருந்தான். ஃபேன் ஓடியும் அவன் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. வேலை போய்விடுமோ என்று பையன் இவ்வளவு பயப்படுவான் என்று தெரிந்திருந்தால் இத்தனை சத்தம் போட்டிருக்க வேண்டாம் என்று ஞானாம்பாளுக்குத் தோன்றியது.

"ஒன்றாம் தேதி நகலில், பேசி முடிந்தது என்று இருக்கிறது" என்றது ஏஐ. "ஆனால் இன்றைய பதிவேட்டின்படி, இந்த வரன் இன்னும் முடியவில்லை."

"ஆமாமா!" ஞானாம்பாளுக்கு நினைவு வந்துவிட்டது. "புதுச்சத்திரத்துப் பொண்ணு. இங்க லேப்ல வேல செய்யுது. பேரு இளமதி. எல்லாம் பேசி முடிஞ்சு, ஒம்பதாந் தேதி அந்தப் பொண்ணே வேணாம்னுடுச்சு. காரணம் கேட்டா சிரிக்குது. நான்தான் டிக்க எடுத்தேன். சரியாத்தான் சொல்லுது உன் ஏஐ!"

இளவரசு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். தோள் குலுங்கியது. அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியவில்லை.

"அட, என்ன தம்பி இது! கோவத்துல நாலு வார்த்த சொன்னேன். உன்ன போய் நிறுத்துவனா? போ, போய் நல்லா சாப்புடு."

அவன் மாடிப்படியில் தடதடவென்று இறங்கினான். அந்தச் சத்தம் அடங்குவதற்குள் மையத்தின் போன் அடித்தது. ஸ்பீக்கரை யாரும் அணைத்திருக்கவில்லை.

"வணக்கம். யாருக்கு வரன் பார்க்கிறீர்கள்?"

"எனக்குத்தான். நூத்தி நாப்பத்தேழாம் நம்பரு." குரல் மூச்சு வாங்கியது. "அந்தப் பொண்ணு தினமும் என் பஸ்ஸுலதான் வரும். நம்பர அதுவேதான் சொல்லிச்சு. பேசி முடிஞ்சுதுன்னு நீ சொன்னதக் கேட்டு, இந்த மாசம் ஒண்ணாந் தேதியிலேருந்து நான்தான் வேற பஸ்ஸுல வந்துக்கிட்டிருக்கேன்."

"மாப்பிள்ளையின் பெயர், ஊர், வேலை சொல்லுங்கள்."

"இளவரசு, கடலூரு. வேல... உனக்கு எழுதிக் குடுக்கறதுதான்."