மாடிக்கு ஓர் ஆட்சேபணை

ஆட்சேபணை சொல்ல இன்றுதான் கடைசி நாள்.

மூத்தவள் படுக்கையறைக் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கைப்பேசியில் அந்த வரைபடத்தை மறுபடியும் திறந்தாள்.

கொழுந்தன் மாடியில் கட்டப்போகும் வீடு.

நகராட்சி எல்லாவற்றையும் இணையத்துக்குக் கொண்டுபோன பிறகு, யார் வீட்டு வரைபடத்தையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்றாகிவிட்டது. அவளும் பார்த்தாள். பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. எரிய எரிய மறுபடியும் பார்த்தாள்.

சமையலறைக்கு மட்டும் இரண்டு ஜன்னல்!

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் சமைக்கிறாள். ஒரு ஜன்னல் வைத்துக் கொடுங்கள் என்று கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். ஓரகத்தி நேற்று வந்தவள். அவளுக்கு இரண்டு ஜன்னல், துணி காயப்போடத் தனி இடம், காற்று வாங்க ஒரு பால்கனி.

இவள் புருஷனோ, தம்பி கேட்ட மாத்திரத்தில் சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவைக்கூட அவனிடமே விட்டுவிட்டு வந்த மனிதர்.

அதைவிட எரிச்சல், சின்னவளின் அலட்டிக்கொள்ளாத முகம். மாடிப் பேச்சை எடுத்தாலே தலையைக் குனிந்துகொண்டு பாத்திரம் தேய்க்கப் போய்விடுவாள். தேய்த்து வைத்த பாத்திரத்தையே மறுபடியும் தேய்ப்பாள். ஆசையை வாய்விட்டுச் சொல்லாமலே காரியம் சாதிக்கிற ரகம் என்று மூத்தவள் எப்போதோ முடிவு கட்டிவிட்டாள்.

முன்பெல்லாம் ஒருவர் வயிற்றெரிச்சலைக் கொட்ட வேண்டுமானால் ஆபீஸ் படியேறி, நாலு பேர் பார்க்க மனுவை நீட்ட வேண்டும். இப்போது கட்டிலில் உட்கார்ந்தபடியே கொட்டலாம்.

‘ஆட்சேபிப்பவர் பெயர் வெளியிடப்படாது’ என்று திரையில் போட்டிருந்தது. அந்த வரி அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

காரணம் என்ற கட்டத்தில் தட்டினாள். ‘பால்கனி நீட்டினால் கீழ் வீட்டுக்கு வெளிச்சம் வராது.’

இப்போது மட்டும் வருகிறதா என்று மனசாட்சி கேட்டது. அதன் வாயை அடைத்துவிட்டு, ‘அனுப்பு’ என்பதை அழுத்தினாள்.

திரை ஓடிபி கேட்டது.

அவளுக்குப் பகீரென்றது.

எல்லாம் ஆன்லைன் என்று அறிவித்த புதிதில், வீட்டில் அத்தனை பேருக்கும் கணக்குத் தொடங்கிக் கொடுத்தவள் சின்னவள்தான். ‘உங்களுக்கெல்லாம் மெசேஜ் பாக்கற பழக்கமே கிடையாது’ என்று சொல்லி, எல்லோருக்கும் தன் போன் நம்பரையே கொடுத்து வைத்திருந்தாள். யாருக்கு எந்த ஓடிபி வந்தாலும் அவள் போனுக்குத்தான் போகும்.

கன்னம் வைக்க வந்தவன் வீட்டுக்காரியிடமே கடப்பாரை கேட்ட கதைதான். ஆனால் கடைசி நாள் ஆயிற்றே.

“ஏம்மா! உன் போனுக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும், கொஞ்சம் சொல்லேன்!”

சமையலறையில் குழாய்ச் சத்தம் நின்றது.

“எதுக்குக்கா?”

“தண்ணி வரி கட்டலாம்னு பாத்தேன்.”

“நீங்களாவா?”

“ஏன், இந்த வீட்டுல நீ ஒருத்திதான் படிச்சவளா?”

மூத்தவள் ஓடிபி கட்டத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

பிறகு சின்னவள், குழந்தைக்குச் சோறூட்டுகிற நிதானத்தில், ஒவ்வோர் எண்ணாகச் சொன்னாள்.

மூத்தவள் ஒவ்வோர் எண்ணாகத் தட்டினாள்.

பச்சை எழுத்தில் பதில் வந்தது. ‘உங்கள் ஆட்சேபணை பதிவு செய்யப்பட்டது. அதன் விவரம் உங்கள் கைப்பேசி எண்ணுக்கு அனுப்பப்பட்டுள்ளது.’

சமையலறையில் டிங் என்றது.

ஐயோ, அதுவும் அவளுக்குத்தான் போகும் என்பது அப்போதுதான் மண்டையில் உறைத்தது.

ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி சின்னவள் அறை வாசலில் வந்து நின்றாள். இன்னொரு கையில் போன். மூத்தவள் நிமிரவில்லை.

“எதுக்குன்னு அந்த ஓடிபி மெசேஜ்லயே போட்டிருந்துச்சுக்கா.”

சொல்லிவிட்டுக் கூடத்தை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். உள்ளே வந்து கதவை முழுசாகச் சாத்தினாள். குரலைத் தணித்துக்கொண்டு கேட்டாள்:

“காரணம் நல்லா அழுத்தமா எழுதினீங்களா? உங்க கொழுந்தனார் மாடி ஆசையையே விட்டுடணும். நான் வேண்டாம்னு சொன்னா காதுலயே வாங்க மாட்டேங்கறார். மேல தனியாப் போயிட்டா, காலைல எழுந்து நான் யாரோடக்கா சண்ட போடுவேன்?”

மூத்தவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொறாமைப்பட்டுச் செய்த காரியம்கூட இவளுக்கு வரமாகவே போய்ச் சேருகிறதே!

“எழுதியிருக்கேன், எழுதியிருக்கேன்,” என்றாள் வெடுக்கென்று, கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டபடி.