விழும்போது எடுத்த படம்

பயமாவது வரும் என்று நம்பித்தானே ஏறினேன்? ரோலர் கோஸ்டரிலிருந்து இறங்கிய சுகந்திக்குள் அது மட்டும்தான் ஓடியது. வெளியே வரும் வழியில், செங்குத்தாக விழுந்த நொடியில் கேமரா எடுத்த படத்தைத் திரையில் காட்டினார்கள். எல்லோர் வாயும் பிளந்திருந்தது. அவள் மட்டும் தன் நிறுத்தம் வரக் காத்திருப்பவள்போல் உட்கார்ந்திருந்தாள்.

“என்ன அண்ணி, டவுன் பஸ்ல போறீங்களா?” நாத்தனார் சிரித்தாள்.

கணவன் சிரிக்கவில்லை. மனச்சோர்வுக்கான ஒரு வருட மாத்திரையில் மனைவி தேறிவிட்டாள் என்று அவளுடைய அம்மாவிடம் சொல்லியிருந்தான். “இன்னொரு தடவை ஏறலாம் வா. சும்மாவாச்சும் கத்து. அத்தைக்குப் படம் அனுப்பணும்ல.”

வரிசையில் நின்ற பிள்ளைகள் ஏறுவதற்கு முன்பே கத்திக்கொண்டிருந்தார்கள். அவள் அவர்களையே பார்த்தாள்.

“வேணாங்க,” என்றாள் மெதுவாக. “அம்மாவுக்கு இதையே அனுப்புங்க.”