தொண்டை சரியில்லை

“இந்த ட்ராக்கைப் பாடினது யாரு?”

ஹெட்போனைக் கழற்றி மேஜையில் போட்டாள் அம்மிணி. குற்றவாளியைத் தேடுகிற மாதிரி இருந்தது அந்தக் கேள்வி.

மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஜோஸ்பின் மெள்ள எழுந்தாள். “நாந்தான் மேடம்.”

அம்மிணி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“இன்னொரு தரம் போடு, ஷாகிர்.”

மும்பை செம்பூரில் ஒரு மிட்டாய்க் கடைக்கு மேலே இருந்த சின்ன ஸ்டூடியோ அது. பேர் பெற்ற பாடகர்கள் வந்து கேட்டுப் பழகிக்கொள்ள, முன்னதாக யாராவது ஒருத்தர் பாட்டைப் பாடி வைப்பார். அதுதான் ட்ராக். பாடகர் பாடி முடித்ததும் அதை அழித்துவிடுவார்கள்.

தாராவி ஜோஸ்பின் அப்படி எத்தனையோ பாடியாயிற்று. அதில் சிலது ஆட்டோவுக்கு ஆட்டோ ஒலித்த பாட்டுகள். ஒன்றில்கூட அவள் குரல் கிடையாது. ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் அவள் அம்மா லூசியம்மாள் கேட்பாள், “இதுலயாவது ஒன் சத்தம் வருமா, மக்களே?” காலையிலும் கேட்டாள். ஜோஸ்பின் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

இந்தப் பாட்டு, ராஜபாண்டி நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு எடுத்த சின்னப் படத்துக்கு. தாராவிக் குழாயடியில் ஒரு பெண் பாடுகிற பாட்டு. மெட்டுப் போட்டதும் பதிவு செய்வதும் ஷாகிர்.

“ஒன் சத்தம் நல்லாத்தான் இருக்கு ஜோஸ்பின். ஆனா பேரு வேணும்லா? அம்மிணி மேடம் தனியா ஒரு பாட்டு விட்டா ஊரே கேக்குது. அவங்க பேரு இருந்தாத்தான் நம்ம படத்த எவனும் எட்டிப் பாப்பான்” என்று ராஜபாண்டி முன்பே சொல்லியிருந்தான். அவளும், “எனக்குத் தெரியாதாண்ணே?” என்று சிரித்திருந்தாள்.

அம்மிணி கண்ணாடி அறைக்குள் போய்ப் பாட ஆரம்பித்தாள். பல்லவி நன்றாகத்தான் வந்தது. சரணத்தில் குரல் ஏற வேண்டிய இடத்தில் பிசிறடித்தது. அடுத்த முறை பாதியில் மூச்சு நின்றது. அதற்கடுத்த முறை அவளே கையைக் காட்டி நிறுத்தினாள்.

“என்ன மெட்டுடாப்பா இது? ஏறவும் மாட்டேங்கறது, இறங்கவும் மாட்டேங்கறது!”

ஷாகிர் முகம் சுண்டிப்போயிற்று. “மேடம், ஏக் டேக் அவுர்? இன்னும் ஒரே தரம்?”

“தொண்டை சரியில்லை.” வெளியே வந்து ஃப்ளாஸ்க்கைத் திறந்து வெந்நீர் குடித்தாள்.

ராஜபாண்டி குழைந்தான். “ஒங்களுக்கு இதெல்லாம் ஒரு பாட்டா மேடம்? கொஞ்சம் இருந்து பாடுங்க.”

“சாயங்காலம் எனக்கு ஃப்ளைட். நீ சொன்னா அது நிக்குமோ?”

“நாளைக் காலையில படத்தத் திரைப்பட விழாவுக்கு அனுப்பியாகணும் மேடம்.”

“அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? இருக்கற ட்ராக்கையே வச்சுக்கோ.”

ராஜபாண்டி ஓரக்கண்ணால் ஜோஸ்பினைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். “சரி மேடம். பேரு மட்டும் ஒங்க பேரப் போட்டுக்கிடுதோம். யாருக்குத் தெரியப்போவுது?”

அவ்வளவுதான். அம்மிணி வெடித்துவிட்டாள்.

“இந்தக் குரலுக்கு என் பேரா? நன்னாருக்கு! பாடினவ எவளோ, அவ பேரைப் போடு. என் பேரு எங்கயாவது வந்துதுன்னா கோர்ட்டுக்கு இழுத்துடுவேன், ஆமா!”

கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

“தலக்கனத்தப் பாத்தியா?” என்றான் ராஜபாண்டி. நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். “வேற வழியில்ல. ஒன் சத்தமே இருக்கட்டும். பேரும் ஜோஸ்பின்னே போட்டுருதேன்.”

“எனக்கு மொதல்லேர்ந்தே இதான் புடிச்சுது பாய்” என்று ஷாகிர் முணுமுணுத்தான்.

ஜோஸ்பினுக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால், ‘இந்தக் குரலுக்கு என் பேரா?’ என்ற அந்தச் சொல் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. அத்தனை மட்டமா என் குரல்?

மேஜையில் ஃப்ளாஸ்க் கிடந்தது.

“அய்யோ, மறந்துட்டுப் போயிட்டாங்களே!” எடுத்துக்கொண்டு படியிறங்கி ஓடினாள்.

மிட்டாய்க் கடை வாசலில், கிளம்ப வழியில்லாமல் கார் நின்றுகொண்டிருந்தது. முன்னால் ஒரு டெம்போவும் இரண்டு ஆட்டோக்களும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. கார்க் கண்ணாடி இறங்கியிருந்தது. பின்சீட்டில் கண்ணை மூடிச் சாய்ந்தபடி அம்மிணி பாடிக்கொண்டிருந்தாள்.

அதே பாட்டு.

சரணத்தில் அந்த ஏற்றம் வந்தது. ஒரு பிசிறு இல்லை. குரல் வெண்ணெயில் கத்தி போவது போல ஏறி, நின்று, இறங்கியது. கடைசி அடியில், மெட்டில் இல்லாமல் ஜோஸ்பின் தானாகச் சேர்த்துப் பாடியிருந்த ஒரு சின்ன வளைவு உண்டு. அதையும் விடவில்லை. அங்கே வந்ததும் அம்மிணி தனக்குத் தானே தலையை ஆட்டிக்கொண்டாள்.

ஜோஸ்பின் ஃப்ளாஸ்க்கோடு அப்படியே நின்றாள்.

அம்மிணி கண்ணைத் திறந்தாள். திருட்டுத்தனம் பிடிபட்ட குழந்தை மாதிரி ஒரு கணம் விழித்தாள். பிறகு கையை நீட்டி ஃப்ளாஸ்க்கை வாங்கிக்கொண்டாள். முன்னால் டெம்போ நகர்ந்தது.

“மேல போய் எதையும் உளறி வைக்காதே” என்றாள், கண்ணாடியை ஏற்றிக்கொண்டே. “எனக்குத் தொண்டை சரியில்லை.”