லண்டனில் நகராத வரிசை

பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் ஓடுகிற அத்தனை வண்டிகள் மேலும் சத்தியம், இதில் ஒரு சொல் பொய் இல்லை. பொய் என்றால் அதில் எந்த வண்டி வேண்டுமானாலும் என் மேல் ஏறட்டும். துலுக்கானத்தின் ஷேர் ஆட்டோவைத் தவிர. அவன் நிஜமாகவே ஏற்றிவிடுவான். அவனுக்குத்தான் கண் தெரியாதே!

ஒப்புக்கொள்ள மாட்டான். போன ஆடியில் மெட்ரோ வேலைக்கு வைத்த தகரத் தடுப்பை லாரி என்று நினைத்து, அது நகரட்டும் என ஹாரன் அடித்துக்கொண்டே நின்றான். பின்னால் குமணன்சாவடி வரைக்கும் வண்டிகள்.

"கண்ணுல பொரை விழுந்துகீது அண்ணாத்தே. போய்க் காட்டு" என்று ஸ்டாண்டுக்கு எதிரே சீட் கவர் தைக்கும் ஹுமாயூன் பாய் சொல்லிப் பார்த்தார்.

"கண்ணுல கத்தி வெச்சா அவ்ளோதான் பாய். இருக்கிறதும் பூடும். அப்பால வண்டிய எவன் ஓட்றது?"

இப்படியே விட்டாலும் கண் போகும், வண்டியும் போகும். அது அவனுக்கும் தெரியும். பயம் கேட்க வேண்டுமே.

அந்த நேரம் பார்த்து லண்டனிலிருந்து அவன் தங்கை அனுசுயா கறுப்புக் கண்ணாடியோடு வந்து இறங்கினாள். அங்கே முதியோர் இல்லத்தில் வேலை.

"கண்ணு மங்கிடுச்சுண்ணா. நம்ம கவர்மென்ட் ஆஸ்பத்திரில ஆபரேஷன் பண்ணிக்கலாம்னு வந்தேன்."

பாய் தையல் மெஷினை நிறுத்தினார். "போன வாட்டி வந்தப்ப இன்னாம்மா சொன்ன? அங்க ஊரே வரி கட்டி வெச்சிருது, ஆஸ்பத்திரில பர்ஸை வெளிய எடுக்கவே தேவையில்லன்னு?"

"பர்ஸ் எடுக்கத் தேவையில்ல பாய். பேர் கூப்புடணுமே. வரிசை நகரவே இல்ல."

"அமெரிக்காவுல என் மச்சான் மவன் கீறான். அங்க நெஞ்சு வலிச்சா மொதல்ல இன்சூரன்ஸ் கம்பெனிய கேக்கணுமாம். அவன் சரி, வலிக்கட்டும்னு சொன்னாத்தான் வலிக்கணும்."

"அதுக்கு நம்மூரு தேவல" என்றான் துலுக்கானம்.

"நம்மூர்ல மட்டும்? கவர்மென்ட்டுல கூட்டம், தனியார்ல பில்லு. கூட்டம் பரவால்லன்னு நிக்கிறவன் நிக்கிறான்." பாய் துலுக்கானத்தின் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "லண்டன் சம்பளம் வாங்கிக்கினு இங்க வந்து ஏழைபாழை வரிசையில நிக்குது உன் தங்கச்சி. நல்லாவா கீது?"

துலுக்கானத்துக்கு முகம் சிவந்துவிட்டது. தங்கையை விட்டுக்கொடுக்கவும் முடியவில்லை, பாய் சொன்னது தப்பு என்று சொல்லவும் வாய் வரவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அவளிடமே கேட்டுவிட்டான். "தனியார்ல பாத்துக்கக் கூடாதா? ஓசி வைத்தியம் நமக்கெதுக்கு?"

"ஓசியா? நீ ஊத்துற டீசல்ல வரி இல்லியா? சோப்புல இல்லியா? இந்த ஆஸ்பத்திரி உன் காசுலயும்தான் ஓடுது. நிமிந்து வா."

கூட்டத்தில் புகுந்து சீட்டு வாங்கி வந்தாள். ஒன்றல்ல, இரண்டு.

"எனக்கு எதுக்கு? நான் துணைக்கு வந்தவன்."

"பயமா கீதுண்ணா. நீ மொதல்ல உக்காரு. காது குத்துனப்ப உக்காந்தியே."

அதைச் சொன்னால் அவன் மறுக்க முடியாது. அனுசுயாவுக்குக் காது குத்திய அன்று, ஆசாரியின் ஊசியைப் பார்த்துத் தாய்மாமன் மடியிலிருந்து குதித்து ஓடினாள். 'எனக்கு மொதல்ல குத்துங்க' என்று வலது காதை நீட்டியவன் துலுக்கானம். கண்ணில் நீர் முட்ட, 'வலிக்கவே இல்ல பாப்பா' என்றான். அந்தத் துளை இன்னும் தூராமல் இருக்கிறது.

தங்கைக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான். சின்ன வயது டாக்டரம்மா சொட்டு மருந்து விட்டு, காத்திருந்து, விளக்கடித்துப் பார்த்தார்.

"நல்லா முத்திப்போச்சு தாத்தா. இன்னும் தள்ளிப் போட்டிருந்தா கஷ்டம். இன்னைக்கே சேர்ந்துடுங்க, சரி பண்ணிடலாம்."

துலுக்கானத்துக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. தங்கை எதிரில் காட்டிக்கொள்ள முடியுமா? "சரிங்கம்மா. தங்கச்சியையும் பாத்துடுங்க. அதும் பண்ணிக்கினா நானும் பண்ணிக்கிறேன்."

"எனக்கு அப்பறமா..." என்று அனுசுயா நழுவினாள்.

"சீட்டு இருக்கில்ல, உக்காருங்கம்மா. கண்ணாடியக் கழட்டுங்க."

விளக்கு அனுசுயாவின் கண்ணில் விழுந்தது. டாக்டரம்மா ஒரு கண்ணைப் பார்த்தார், மறு கண்ணைப் பார்த்தார்.

"என்னம்மா இது? ரெண்டு கண்ணுலயும் ஏற்கெனவே ஆபரேஷன் பண்ணி லென்ஸ் வெச்சிருக்கு. ஜம்முனு இருக்கே. எங்க பண்ணினீங்க?"

"லண்டன்ல டாக்டர்."

மருந்து விட்ட கண்ணில் தங்கையின் முகம் துலுக்கானத்துக்குக் கலங்கலாகத்தான் தெரிந்தது.

"வரிசை நகரலன்னியே அனுசு?"

"லேட்டா நகந்துச்சுண்ணா. ஒரு பைசா கேக்கல."

"அப்ப இன்னாத்துக்கு இம்மாந்தூரம் வந்த?"

அவள் அவனுடைய வலது காதுத் துளையைத் தொட்டாள்.

"இந்த வாட்டி நான் மொதல்ல பண்ணிக்கினேண்ணா. வலிக்கவே இல்ல."

ஸ்டாண்டில் கேட்டுப் பாருங்கள். 'தங்கச்சிக்கு தெகிரியம் சொல்லப் போனேன், அப்படியே நானும் பண்ணிக்கினேன்' என்று இன்றைக்கும் அளந்துகொண்டிருப்பான். நிஜத்தை என்னிடம் மட்டும் அழுதுகொண்டே சொன்னான். நான் சொன்னேன் என்று தயவுசெய்து யாரிடமும் மூச்சு விடாதீர்கள். இப்போதெல்லாம் அவனுக்கு ஆள் தூரத்திலேயே தெரிகிறது.